எந்தப் பேய் காதுக்கு நல்லது? ஒலி நாடகத்துக்கு ஐந்து பழைய கதைகள்

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் படிக்கும் நான்கு மாணவர்கள் கல்லூரி விழாவுக்கு அரை மணி நேரப் பேய் நாடகம் ஒன்றை ஒலிப்பதிவாகச் செய்ய வேண்டும் என்கிறார்கள். தக்கலைப் பக்கம் ஒரு டீச்சர், கூட யாரும் இல்லாமல், ஒரு மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஏதாவது செய்துபார்க்க நினைக்கிறார். குளச்சல் நண்பர் ஒருவரிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன, மிக்ஸிங் தெரியும், கையில் கதைதான் இல்லை. மூவரும் கேட்பது இதுதான்: பழைய பேய்க்கதைகளில் எதை எடுப்பது?

ஆளுக்கு ஆள் பதில் மாறும். அதனால் முதலில் அளவுகோல், பிறகு கதைகள்.

## எதை வைத்து அளப்பது

பயம் எந்த வழியாக வருகிறது? எனக்கு இதுதான் முதல் கேள்வி, பாதி முடிவும் இதிலேயே ஆகிவிடும். அச்சில் படிக்கும்போது நடுக்கிய கதை ஒலியில் நடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்ளுங்கள், வேறொருவர் கதையை வாசிக்கட்டும். உடம்பு சிலிர்த்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கதாபாத்திரம் எதையாவது *கேட்டதா*, *பார்த்ததா*, *முகர்ந்ததா*? கேட்டது என்றால் கதை பாதி உங்கள் கையில் வந்துவிட்டது. பார்த்தது என்றால், அதை யாராவது ஒருவர் வாயால் சொல்லியாக வேண்டும். "ஐயோ, அங்கே பார், வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி வருகிறாள்" என்று ஒருவர் அலறும் நாடகம் எதுவும் பயமுறுத்தாது, சிரிப்புதான் வரும்.

எத்தனை குரல்? மேடையில் ஒரே ஆள் மூன்று வேஷம் போடலாம், தலைப்பாகை மாறினால் போதும். ஒலியில் இரண்டு குரல்கள் கொஞ்சம் ஒத்துப்போனாலும் கேட்பவர் தொலைந்துவிடுவார். நான்கு ஆண் மாணவர்கள் ஒரே வயது, ஒரே ஊர் என்றால் உங்களிடம் இருப்பது நான்கு குரல் அல்ல, ஒன்றேகால்.

உரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கீழே வரும் நான்கு ஆசிரியர்களும் அந்த எல்லையைக் கடந்தவர்கள். எட்கர் ஆலன் போ 1849-இல் இறந்தார், டிக்கன்ஸ் 1870-இல், ஜேக்கப்ஸ் 1943-இல், புதுமைப்பித்தன் 1948-இல். இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. மூலக்கதை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டாலும், அதன் தமிழ் மொழிபெயர்ப்பு பொதுவாகிவிடுவதில்லை. மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை இருக்கிறது. நூலகத்தில் கிடைத்த தமிழ்ப் புத்தகத்தை அப்படியே வாசித்துப் பதிவேற்றாதீர்கள். மூலத்தை எடுத்து நீங்களே எழுதுங்கள்.

ஊரில் ஒட்டுமா? லண்டன் பனியை அப்படியே வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான். ஆனால் நம் பேச்சில் செய்யப் போகிறீர்கள் என்றால், கதையின் ஆணிவேர் நம் மண்ணில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

'டிராகுலா'வை நான் ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். அமெரிக்க நடிகர், இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் 1938 ஜூலை 11 அன்று தன் 'மெர்க்குரி தியேட்டர் ஆன் தி ஏர்' வானொலித் தொடரை அந்தக் கதையோடுதான் தொடங்கினார். டிராகுலாவாகவும் டாக்டர் ஸீவர்டாகவும் அவரே பேசினார். அவருக்கு ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது, பயின்ற நடிகர்கள் இருந்தார்கள், ஒரு மணி நேரமும் இருந்தது. அப்படியிருந்தும் நாவலில் பெரும்பகுதியை வெட்டித்தான் செய்தார். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| கதை | குரல்கள் | நேரம் (ஏறக்குறைய) | பயம் வரும் வழி | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| காட்டிக்கொடுக்கும் இதயம் (போ, 1843) | 1 | 15–20 நிமிடம் | காது | நடிப்பு முழுக்க ஒரே ஆள் தலையில் |
| குரங்கின் கை (ஜேக்கப்ஸ், 1902) | 5 | 30 நிமிடம் | காது | தாயாக நடிக்கத் தேர்ந்த ஒருவர் |
| சிக்னல்காரர் (டிக்கன்ஸ், 1866) | 3 | 30–35 நிமிடம் | காது பாதி, கண் பாதி | ஒலி வடிவமைப்புக்கு வாரக்கணக்கில் வேலை |
| காஞ்சனை (புதுமைப்பித்தன், 1943) | 3–4 | 30 நிமிடம் | மூக்கு, மனம் | எதையும் மாற்ற மனம் வராது |
| நீலி கதை (வில்லுப்பாட்டு மரபு) | குழு | உங்கள் விருப்பம் | பாட்டு | கலைஞர் சம்பளம், பக்தி |

அட்டவணை சொல்லாததெல்லாம் கீழே.

## காட்டிக்கொடுக்கும் இதயம்

கிழவர் ஒருவரைக் கொன்று ஒளித்துவைத்தவன், தான் பைத்தியமில்லை என்று நம்மிடம் நிரூபிக்கப் பார்க்கிறான். அவன் தரும் முதல் ஆதாரமே காதுதான்: நோய் என் புலன்களைக் கூர்மையாக்கிவிட்டது, எல்லாவற்றையும்விடக் கேட்கும் திறனை. ஒலி நாடகத்துக்கென்றே எழுதிவைத்தது போன்ற தொடக்கம். வானொலி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால் எழுதியது.

ஒரே குரல் போதும். போலீஸ்காரர்கள் வருகிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பேச்சு வேண்டியதில்லை. அவன்தான் பேசிக்கொண்டே போகிறான், பேசப் பேச வேகம் ஏறுகிறது. தக்கலை டீச்சருக்கு நான் இதைத்தான் சொன்னேன். பெண்குரலில் செய்யலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யலாம். மூலத்தில் பேசுபவரின் பெயரும் இல்லை, கிழவரோடு என்ன உறவு என்றும் இல்லை. பாட்டாவைப் பார்த்துக்கொள்ள வந்த பேத்தி என்று வைத்தால் கதை இன்னும் மோசமாக, அதாவது இன்னும் நன்றாக, ஆகிவிடும்.

ஊருக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல். மூலத்தில் பிணம் தரைப் பலகைக்கு அடியில் இருக்கிறது. நம் வீடுகளில் தரையில் பலகை ஏது? சிமெண்டோ டைல்ஸோதான். பழைய வீடுகளில் பலகை இருக்கும் இடம் மச்சு. இன்னொன்று பத்தாயம். நெல் போட்டுவைக்கும் அந்தப் பெரிய மரப்பெட்டி இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. வந்த போலீஸ்காரரை அதன் மேலேயே உட்காரச் சொல்லுங்கள். அவர் காலை ஆட்டும்போது குதிகால் மரத்தில் படும் சத்தம். வேறு எதுவும் வேண்டாம்.

வெளியே தெரியாத செலவுக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இதைத்தான் முதலில் செய்தோம். இதயத்துடிப்புக்காக இணையத்தில் தேடி, அடிவயிறு அதிரும்படியான ஒரு ஒலியை எடுத்துப் போட்டோம். ஹெட்போனில் கேட்டபோது எங்களுக்கே வியர்த்தது. மறுநாள் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். "எல்லாம் சரிதான், அந்த ஆள் எதைக் கேட்டுப் பயப்படுகிறான்?" என்று பதில் வந்தது. செல்போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த ஒலியை வெளியே விடுவதே இல்லை. கதையின் இதயமே நின்றுபோயிருந்தது.

தீர்வு மூலத்திலேயே இருந்தது, நாங்கள்தான் சரியாகப் படிக்கவில்லை. பஞ்சில் சுற்றிய கடிகாரம் எழுப்பும் ஓசை போல என்கிறார் போ. பழைய அலாரம் டைம்பீஸ் ஒன்றைத் தலையணை உறைக்குள் போட்டுப் பதிவு செய்தோம். அதில் மெல்லிய 'டிக்' ஒன்று இருக்கிறது, அது செல்போனிலும் கேட்கும். அதோடு மண்குடத்தின் வாயை உள்ளங்கையால் பொத்திப் பொத்தி எடுத்த ஒலியைக் கலந்தோம். செலவு பூஜ்யம்.

யாருக்கு ஏற்றது: தனியாள், ஒரு மைக், ஒரு வார நேரம். யாருக்கு ஆகாது: ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு. நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், இரண்டாம் நாள் வரமாட்டார்கள்.

## குரங்கின் கை

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதியது. 1902-இல் வந்த கதை அடுத்த ஆண்டே லண்டனில் மேடை நாடகமாகிவிட்டது. எப்படிப் பிடித்து உலுக்கினாலும் உடையாத கதை என்பதற்கு அதுவே சாட்சி. மூன்று வரம் தரும் காய்ந்த குரங்குக் கை. முதல் வரம் 200 பவுன் பணம். மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான், நஷ்ட ஈடாக அதே 200 பவுன் வருகிறது. இரண்டாவது, மகன் உயிரோடு வர வேண்டும் என்று தாய் கேட்க வைக்கிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது.

அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பதை யாரும் பார்ப்பதே இல்லை. படிப்பவர் பார்ப்பதில்லை, தகப்பன் பார்ப்பதில்லை, கடைசியில் தாயும் பார்ப்பதில்லை. சினிமா எடுப்பவருக்கு இது பெரிய தலைவலி, அந்தக் கதவைத் திறந்து காட்ட அவர் கை பரபரக்கும். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கடிகாரம், எலி, தீக்குச்சி உரசல், தட்டல், நாற்காலி இழுபடுவது, சங்கிலி, தாழ்ப்பாள் என்று கடைசிக் காட்சி முழுக்கவும் ஜேக்கப்ஸ் ஒலியாகவே எழுதிவைத்திருக்கிறார். அது என்ன சத்தம் என்று தாய் கேட்டதும் "எலி" என்கிறார் தகப்பன், நடுங்கும் குரலில். எங்கள் பிரதியில் அது "எலியாக்கும்" என்று ஆனது. அந்த 'ஆக்கும்' ஒன்றில், அவருக்கே நம்பிக்கையில்லை என்பது வந்துவிட்டது.

இந்தக் கதை நம் மாவட்டத்தில் ஒட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒட்டாத இடங்களும் உண்டு.

மகனைப் புதைத்திருக்க வேண்டும். எரித்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, தட்டுவதற்கு யார் வருவார்? 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்து மக்களில் கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து இரண்டு மைல் நடந்து வரும் மகன் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே வீட்டில் சாயங்கால ஜெபமும் இருக்கும். வரம் கேட்பதற்கும் ஜெபம் பண்ணுவதற்கும் நடுவில் அந்தத் தாய் திணறுவது மூலத்தில் இல்லாத ஒரு ஆழம். ஆனால் பாதிரியாரைக் கேலி செய்யும் வேலைக்குப் போகாதீர்கள். கதைக்கும் அது தேவையில்லை, விழாவுக்கு வரும் பெற்றோருக்கும் தேவையில்லை.

ஆலையும் பிரச்சினையில்லை. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரோ ஐஸ் பிளாண்டோ போதும். பணத்தொகையில்தான் கவனம் வேண்டும். மூலத்தில் 200 பவுன் என்பது வீட்டுக்குக் கட்ட வேண்டிய மிச்சக் கடன். ஆகவே தொகை, குடும்பம் பேராசைப்பட்டது போலத் தெரியாத அளவில், ஒரு வீட்டுக்கடன் பாக்கி அளவில் இருக்கட்டும். மாணவர்கள் முதலில் ஒரு கோடி என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு கோடி கேட்டவன் மேல் யாருக்கும் இரக்கம் வராது.

அந்தக் கை எங்கிருந்து வருகிறது? மூலத்தில் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய சார்ஜெண்ட் மேஜர் கொண்டுவருகிறார், அதில் மந்திரம் போட்டது ஒரு பக்கீர். 1902-இன் ஆங்கிலேயருக்கு இந்தியா என்பதே கண்காணாத மர்மம். நமக்கு நாமே எப்படி மர்மமாக இருக்க முடியும்? கேரளத்து மந்திரவாதி என்று எழுதினால் மார்த்தாண்டத்தில் சிரிப்பார்கள், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். எங்களுக்குத் தோன்றியது தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் ஒருவர். மாதக்கணக்கில் கடலில் தங்கல் போடுகிறவர், ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ கொடுத்தது என்கிறார். அதற்கு மேல் அவர் சொல்ல மறுக்கிறார். சொல்லாமலே விட்டுவிடுங்கள்.

இனி வெளியே தெரியாத செலவு. தாய் வேடம்தான் கதை. மற்ற நால்வரும் சுமாராகப் பேசினாலும் தப்பித்துக்கொள்ளலாம். "தாழ்ப்பாள் எட்டலிங்க, இங்க வாங்க" என்று அவள் கத்தும்போது, கேட்பவர் பாதி அவள் பக்கமும் பாதி தகப்பன் பக்கமும் இழுபட வேண்டும். கல்லூரிப் பெண் ஒருத்தி குரலைத் தடிமனாக்கிக்கொண்டு இதைச் செய்தால் எடுபடாது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரைத் தேடுங்கள். கோயில் பாடகர் குழுவிலோ, பட்டிமன்றம் பேசுகிறவர்களிலோ, பக்கத்து வீட்டிலோ கிடைப்பார். அவருடைய நேரத்துக்கு ஏற்றபடி உங்கள் பதிவு நேரத்தை வையுங்கள்.

இன்னொன்று, மூன்றாவது வரம். மூலத்தில் தகப்பன் அதை முணுமுணுக்கிறார், என்ன கேட்டார் என்று ஆசிரியர் எழுதவில்லை. தட்டல் நிற்கிறது, அவ்வளவுதான். ஒலிநாடகம் செய்கிற எல்லோருக்கும் அந்த வரத்தைச் சத்தமாகச் சொல்லவைக்க ஆசை வரும், கேட்பவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில். புரியும். மூச்சை மட்டும் வையுங்கள். பிறகு குறைந்தது நான்கு நொடி எதுவும் வேண்டாம், கடிகாரத்தைக்கூட நிறுத்திவிடுங்கள்.

யாருக்கு ஏற்றது: நான்கைந்து பேர் உள்ள குழு, முதல் அல்லது இரண்டாம் முயற்சி. யாருக்கு ஆகாது: அந்தத் தாய் கிடைக்காதவர்களுக்கு.

## சிக்னல்காரர்

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1866 கிறிஸ்துமஸுக்கு எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டு, ஜூன் 9 அன்று, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்தில் அவரே பயணியாக இருந்தார். உயிர் தப்பினார், அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். சரியாக ஐந்து ஆண்டு கழித்து அதே ஜூன் 9-இல் இறந்தார். கதையைப் படிக்கும்போது அந்த அனுபவம் உள்ளே ஓடுவது தெரியும்.

இரண்டு பக்கமும் வெட்டிய பாறைச்சுவர், நடுவில் தண்டவாளம், ஒரு சுரங்கவாய், அங்கே தனியாக ஒரு சிக்னல்காரர். ஒரு உருவம் வந்து கூப்பிட்டால், கையசைத்தால், பின்னாலேயே சாவு வருகிறது. ஐந்தில் ஒலி வேலைக்கு அதிக இடம் தருவது இதுதான், சறுக்கிவிட அதிக வாய்ப்பு உள்ளதும் இதுதான்.

ஒரு கேள்வியைப் பாருங்கள். சிக்னல்காரருக்கு மட்டும் ஒரு மணியொலி கேட்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பதில்லை. கேட்பவருக்கு அதைக் கொடுப்பதா, வேண்டாமா? கொடுத்தால் பேய் உண்மை என்று நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். கொடுக்காவிட்டால் கேட்பவரும் அந்த எதிராளியைப் போலச் சந்தேகத்தில் இருப்பார். அச்சில் இந்தக் கேள்வியே எழாது. என் ஓட்டு: முதல் முறை கொடுக்காதீர்கள். இரண்டாம் முறை, மணி அடித்து ஓய்ந்த பிறகு காற்றில் மிஞ்சும் அதிர்வை மட்டும் வையுங்கள். மணி அடித்ததா என்று கேட்பவருக்கே நிச்சயமில்லாமல் இருக்கட்டும்.

கதை தொடங்குவதே ஒரு கூவலில்தான், மேலிருந்து கீழே நிற்பவரை நோக்கி. "வேய்! கீழ நிக்கது ஆரு!" என்று நாங்கள் எழுதிப் பார்த்தோம். அதே கூவல் பேயிடமும் வருகிறது, கடைசியில் ரயில் ஓட்டுநரிடமும் வருகிறது. மூன்றும் ஒரே ராகத்தில் இருக்க வேண்டும், ஆனால் ஆள் வேறு. சொல்ல எளிது, ஒத்திகையில் உயிர் போகும். ஓட்டுநர் கண்ணை மறைத்துக் கையை அசைத்தது மட்டும் காதுக்கு வராது, அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் கதை கண்ணைச் சேர்ந்தது. நல்லவேளையாக மூலத்திலேயே அவர் அதை விவரித்துத்தான் சொல்கிறார்.

இடத்துக்கு ஆரல்வாய்மொழியை விட்டால் வேறில்லை. திருநெல்வேலி – நாகர்கோவில் பாதை 1981-இல் வந்தது. மலை இடைவெளி வழியாகக் காற்று புகுந்து வரும் இடம், முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். டிக்கன்ஸும் தந்திக் கம்பிகளில் காற்று யாழ் மீட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காற்றை நேரடியாகப் பதிவு செய்யப் போனால் மைக்கில் 'புஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டுமே மிஞ்சும். வீட்டிலேயே பனையோலையை ஃபேனுக்கு முன்னால் பிடித்தும், கம்பியை இழுத்துக் கட்டி வருடியும் செய்தது இதைவிட நன்றாக வந்தது. தண்டவாளத்தில் இறங்கிப் பதிவு செய்யும் யோசனை வேண்டவே வேண்டாம். குற்றம், அதைவிட ஆபத்து. பிளாட்பாரத்தில் நின்று எடுத்தாலே ரயில் ஒலி தாராளமாகக் கிடைக்கும்.

குளச்சல் நண்பருக்கு இதுதான். அவருக்குத் தேவையான நடிகர்கள் மூன்றே பேர், மற்றதெல்லாம் அவர் மேசையில். மாதம் இரண்டு போகும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

## காஞ்சனை

தமிழிலேயே இருக்கும்போது எதற்கு வெளியே போக வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் இதுதான். நியாயமான கேள்வி. கதைசொல்லி ஒரு எழுத்தாளர், வீட்டில் மனைவி, வாசலில் வந்து நின்று வேலைக்காரியாகத் தங்கிவிடும் ஒருத்தி. நடப்பது பேய்தானா, தன் மூளை செய்யும் வேலையா என்று அவருக்கே தெரிவதில்லை.

என் தயக்கம் இரண்டு. இந்தக் கதையில் பயம் ராத்திரியில் வரும் வாசனையாகத்தான் நுழைகிறது. வாசனைக்கு ஒலி கிடையாது, கதைசொல்லி சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது, அவர் சொல்லும் விதமே கதை, அந்தக் கிண்டலும் உதறலும் கலந்த நடை. வசனமாக உடைத்தால் புதுமைப்பித்தன் போய்விடுவார், பேய் மட்டும் மிஞ்சும். உடைக்காமல் வைத்தால் அது நாடகம் அல்ல, நல்ல வாசிப்பு. நல்ல வாசிப்பு செய்வதில் தவறில்லை. படைப்புகள் நாட்டுடைமையானவை, மொழிபெயர்ப்புத் தொல்லையும் இல்லை. உங்கள் குழுவில் ஒருவருக்கு உரைநடை வாசிக்கத் தெரியும் என்றால், மனைவிக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும் தனிக்குரல் கொடுத்து எடுங்கள். 'நாடகம்' என்று போட்டிக்கு அனுப்பாதீர்கள்.

## நீலி

செவ்வியல் பேய்க்கதை என்றால் வெள்ளைக்காரர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? நீலியின் கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டித்தான் இருக்கிறது. கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர்தான் என் புருஷன்" என்று ஊர்ப் பெரியவர்கள் முன் வழக்குச் சொல்லி, பயந்து ஓடும் செட்டியை ராத்திரி தன்னோடு ஒரே அறையில் அடைக்கவைக்கும் நீலியைவிடப் பெரிய திட்டக்காரப் பேயை நான் எங்கும் படித்ததில்லை. செட்டி உண்மையைச் சொல்கிறான், யாரும் நம்பவில்லை. அவள் பொய் சொல்கிறாள், எல்லோரும் கண்ணீர் விடுகிறார்கள். அந்தப் பொய்க்குப் பின்னால் முற்பிறவியில் அவளுக்கு நடந்த கொலை ஒன்று இருக்கிறது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கவைப்பதுதான் அதன் பலம்.

வில்லுப்பாட்டு ஏற்கெனவே ஒலி நாடகம்தான். அண்ணாவி கதை சொல்கிறார், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுகிறார், வில்லின் மணியும் குடமும் உடுக்கையும் காட்சி மாற்றுகின்றன. 1984-இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வில்லிசை ஒலிப்பதிவு புதிதும் அல்ல.

செலவு இங்கே நிஜச் செலவு. நல்ல குழுவைக் கூப்பிட்டால் உரிய சம்பளம் கொடுக்க வேண்டும், 'விளம்பரம் கிடைக்கும்' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. குடத்துக்கும் பாட்டுக்கும் தனித்தனி மைக் வேண்டும், ஒரே மைக் வைத்தால் குடம் பாட்டை விழுங்கிவிடும். அண்ணாவி பாடும் ஏட்டுப் பாடல் அவருடைய ஆசான் வழியாக வந்தது. எடுத்துப் பயன்படுத்தும் முன் வாய்விட்டுக் கேளுங்கள், பெயரைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், நம்மில் பலருக்கு இவள் பேய் அல்ல, இசக்கி அம்மன். முப்பந்தலில் போய் நின்றால் தெரியும். வெறும் அலறல் நாடகமாக இதைச் செய்தால் வருத்தப்படுவது பக்தர்கள் மட்டுமல்ல, கதையும்தான். வழக்குச் சொல்லும் இடத்தை மட்டும் எடுத்து இருபது நிமிடம் செய்வது நல்லது என்று நினைக்கிறேன்.

வில்லுக் குழுவோடு ஏற்கெனவே பழக்கம் இருந்தால், மற்ற நான்கையும் மறந்துவிட்டு இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் கீபோர்டில் உடுக்கை வாசித்து இதைத் தொடவே தொடாதீர்கள்.

## எந்தக் கதை என்றாலும் வரும் செலவுகள்

பேச்சு வழக்கு. அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பேச்சும் விளவங்கோடு பக்கத்துப் பேச்சும் ஒன்றல்ல. அப்பா ஒரு தாலுகாவிலும் மகன் இன்னொரு தாலுகாவிலும் பேசினால் வெளியூர்க்காரர் கவனிக்க மாட்டார். நம்மூர்க்காரர் அதைத் தவிர வேறெதையும் கவனிக்க மாட்டார். நடிகரின் பேச்சுக்கு ஏற்றபடி ஊரை மாற்றுங்கள், ஊருக்கு ஏற்றபடி நடிகரை வளைக்காதீர்கள்.

சத்தம். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பதிவு. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இரண்டும் நமக்கு உண்டு. மழையை அப்போதே தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், வசனத்தை வறண்ட மாதத்தில் எடுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ஐ ஒட்டி, சுசீந்திரம் தேர் மார்கழியில். நாகர்கோவிலில் அந்த நாட்களில் மைக்கை எடுக்காமலிருப்பது நல்லது. இரவு ஒரு மணிக்கு மேல் எடுப்பவர்கள் தெருநாய்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும்.

இசை. சினிமாப் பின்னணி இசையை எடுத்துப் போட்டால் யூடியூப்பில் உரிமைக் கோரிக்கை வரும், சில சமயம் மொத்தமாக முடக்கப்படும். இசையே இல்லாமல் செய்துபாருங்கள். எதிரொலியும் அப்படித்தான். பேய் பேசினாலே எக்கோ போடுவது ஒரு வியாதி. பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும் பேய்தான் காதுக்கு அருகில் வரும்.

மார்த்தாண்டம் மாணவர்கள் 'குரங்கின் கை'யை எடுத்திருக்கிறார்கள். தாய் வேடத்துக்கு அவர்களில் ஒருவனுடைய அத்தையே வருகிறார், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகுதான் நேரம் என்றிருக்கிறார். டீச்சர் பத்தாயம் தேடிக்கொண்டிருக்கிறார். கல்குளம் பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால், ஒரு சாயங்காலம் அதன் மேல் உட்கார்ந்து காலாட்டிப் பதிவு செய்துகொள்ள அனுமதி போதும், தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.